தாமரை மறைத்த பட்டம்

என் மனைவி தாமரை பதினொரு வருடம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் இருந்தாள். கிளார்க்காகச் சேர்ந்தவள், மூன்று வருடம் சனி ஞாயிறு வகுப்புக்குப் போய் மாஸ்டர்ஸ் முடித்து மேனேஜரும் ஆனாள். அந்த மூன்று வருடமும் வீட்டில் என் சமையல்தான். அதனால் பட்டத்தில் பாதி எனக்குச் சேரும் என்பேன். அவள் மறுத்ததில்லை.

பிறகு அந்த நிறுவனம் இன்னொன்றோடு இணைந்தது. அங்கே ஏற்கெனவே ஒரு மேனேஜர் இருந்தார், இவளை அனுப்பிவிட்டார்கள்.

ஒன்பது நேர்காணலுக்குப் போனாள். எல்லா இடத்திலும் ஒரே பேச்சு: "ஓவர்குவாலிஃபைட்." பெரிய படிப்பு படித்தவள் சின்ன வேலையில் நிலைக்க மாட்டாளாம். இதே காரணத்தைச் சொல்லி இவளே எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல்.

"பயோடேட்டாவிலே அந்த மாஸ்டர்ஸ் வரியை எடுத்துடு" என்று யோசனை சொன்ன மகாராசன் நான்தான்.

எடுத்தாள். இரண்டே வாரத்தில் மேருவில் ஓர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் எச்.ஆர். கிளார்க் வேலை கிடைத்தது. கிள்ளானில் எங்கள் வீட்டிலிருந்து பக்கம். விண்ணப்பப் பாரத்தில் உயர்ந்த கல்வித் தகுதி என்ற இடத்தில் இளங்கலை என்று எழுதினாள். கீழே, எல்லாம் உண்மை, பொய்யென்றால் வேலையிலிருந்து நீக்கலாம் என்ற வரிக்கு அடியில் கையெழுத்தும் போட்டாள்.

இரண்டு வருடம் ஓடியது. போன திங்கட்கிழமை, தொழிற்சாலைத் தலைவர் கமலநாதன் அவளைக் கூப்பிட்டார்.

"தாமரை, நம்ம எச்.ஆர். மேனேஜர் ரிட்டையர் ஆகப் போறாரு. உங்களைப் போடணும்னு எனக்கு ஆசை. ஆனா ஹெட் ஆபீஸ்ல மாஸ்டர்ஸ் கேக்குறாங்க. நீங்க போய்ப் படிங்க லா, கம்பெனியே அனுப்பும். அதுவரைக்கும் நான் சமாளிச்சுக்கிறேன்."

வீட்டுக்கு வந்தவள் கைப்பையை மடியில் வைத்தபடியே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னங்க, இதுக்கு நான் சிரிக்கணுமா, அழணுமா?"

"பேசாம இன்னொரு தடவை படிச்சுடேன்" என்றேன்.

"படிச்சதையேவா? அங்கேயும் போய்ப் பொய் எழுதணும்."

"அப்போ பட்டத்தைக் காட்டிடு."

"வேலை போயிடும். பிரிக்பீல்ட்ஸ்ல பொய்ச் சர்ட்டிபிகேட் கொடுத்த மூணு பேரை நானே நிறுத்தியிருக்கேன்."

"அவங்க இல்லாததை இருக்குன்னு சொன்னாங்க. நீ இருக்கிறதைத்தானே இல்லைன்னு சொன்னே?"

"பாரத்துல அந்த வித்தியாசத்துக்கு இடம் இல்லைங்க."

நான்கு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. எனக்குக் குற்ற உணர்ச்சி வேறு. வெள்ளிக்கிழமை அவள் செய்த காரியத்தை எச்.ஆர். ஆட்களைத் தவிர வேறு யாரும் செய்யமாட்டார்கள். தவறு செய்த தொழிலாளிக்கு விளக்கம் கேட்டு அனுப்பும் ஷோ காஸ் கடிதத்தை அங்கே அடிப்பவள் அவள்தான். அன்று தன் பெயருக்கே ஒன்று அடித்தாள். பட்டத்தின் நகலை அதோடு இணைத்து, கையெழுத்துக்காகக் கமலநாதன் மேசையில் வைத்தாள்.

அவர் கடிதத்தைப் பார்த்தார், பட்டத்தைப் பார்த்தார், இவளைப் பார்த்தார்.

"இந்த மாதிரி கேஸ் நான் பார்த்ததே இல்லை லா. என்ன செய்யணும்னு எனக்கும் தெரியல. திங்கட்கிழமைக்குள்ள பதில் எழுதிக் கொண்டாங்க" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாராம்.

இன்று சனிக்கிழமை. காலையிலிருந்து சாப்பாட்டு மேசையில் வெள்ளைத்தாளோடு உட்கார்ந்திருக்கிறாள். மதியம்தான் ஒரு வரி எழுதினாள்: 'படித்திருக்கிறேன் என்று சொன்னபோது யாரும் வேலை தரவில்லை.'

"இது விளக்கமாங்க, இல்ல புகாரா?"

"அந்த மூணு பேரு என்ன எழுதிக் கொடுத்தாங்க? அதைப் பார்த்து எழுதேன்" என்றேன்.

அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"ஞாபகம் இல்லைங்க. நிறுத்துறதுன்னு முன்னாடியே முடிவு பண்ணியாச்சு. அதனால சரியாப் படிக்காமலே ஃபைல்ல போட்டுட்டேன்."