வெப்சைட்டுல காட்ட ஒரு ஷூ இல்ல

வெப்சைட்டுன்னா காசைக் குடுத்தா செஞ்சு குடுத்துட்டுப் போவாங்கன்னுதான் நானும் எங்க வீட்டுக்காரரும் நெனச்சிருந்தோம். வேலூர்லருந்து வந்த டிசைனர் தம்பி எங்களுக்கே வீட்டுப்பாடம் குடுத்துட்டுப் போச்சு.

ஆம்பூர்ல எங்களுக்கு ஒரு சின்ன யூனிட். ஷூவோட மேல்பாகத்தை, நாங்க அப்பர்னு சொல்வோம், தைச்சுக் குடுக்கறோம். எங்களுக்கு வேலை குடுத்துக்கிட்டிருந்த பெரிய ஃபேக்டரி, இந்த சீசனோட சரின்னு கையை விரிச்சிடுச்சு. நேரா ஆர்டர் குடுக்கற ஒரு வெளிநாட்டு பையரைப் பிடிச்சாத்தான் யூனிட் ஓடும். இல்லன்னா தைக்கிற பொம்பளைங்களை வீட்டுக்கு அனுப்பிட்டு ஷட்டரை இழுத்துவிட வேண்டியதுதான். சென்னை கண்காட்சியில பார்த்த ஒரு பையர், "வெப்சைட் லிங்க் அனுப்புங்க, பார்த்துட்டுச் சொல்றேன்"னுட்டார். அதான் இந்தக் கூத்து.

பிடிச்ச வெப்சைட் மூணு சொல்லுங்கன்னு தம்பி கேட்டிருந்துச்சு. எங்க வீட்டுக்காரர் ஒரு வாரம் மோட்டுவளையைப் பார்த்து யோசிச்சு, ரயில் டிக்கெட் எடுக்கறது, கரண்ட் பில் கட்றதுன்னு ரெண்டு சொன்னார். மூணாவதை இன்னும் யோசிக்கிறார். உங்க கஸ்டமர் யாருன்னு கேட்டதுக்கு, "கால் இருக்கறவங்க எல்லாரும்"னு எழுதினார். அறிவுக் கொழுந்து!

அடுத்து, நீங்க செஞ்ச பொருளோட போட்டோ குடுங்கன்னுச்சு. அங்கதான் மாட்டிக்கிட்டோம். எந்தக் கம்பெனிக்குத் தைக்கிறோம்னு வெளிய மூச்சு விடமாட்டோம்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கோம். அவங்க வேலை ஓடும்போது தைக்கிற எடத்துல போனை எடுக்கக்கூட விடமாட்டாங்க. எங்க தையலைப் போட்டுக்கிட்டு எங்கெங்கேயோ நடக்கறாங்க, காட்டறதுக்கு எங்ககிட்ட ஒத்தை ஜோடி இல்ல.

"பழைய பீஸ் ஒண்ணு கெடக்கு. பேர் இருக்கற எடத்துல கட்டை விரலை வெச்சுக்கிட்டு எடுத்துடலாம்"னார் வீட்டுக்காரர். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறாராம்! தம்பி அதுக்கும் மேல போய், இன்டர்நெட்லருந்து ஒரு படம் காட்டுச்சு. வெள்ளைத் தாடி வெச்ச வெளிநாட்டுக்காரர் ஒருத்தர் ஏப்ரன் கட்டிக்கிட்டு தோல் வெட்றார்.

"இது யாரு தம்பி, எங்க மாமனாரா?"ன்னேன்.

"லுக் நல்லாருக்கும் மேடம்"னுச்சு. எனக்குப் பேஜாரா போச்சு.

கடைசியில தோல் வாங்கிட்டு வந்து, யார் பேரும் இல்லாம நாங்களே ஒரு கறுப்பு அப்பர் தைச்சோம். தைக்கிறவங்களையும் படம் எடுக்கணும், வேலைக்கு வர்ற மாதிரியே வாங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். பட்டுப் புடவையும் தலை நெறைய பூவுமா, வளைகாப்புக்கு வந்த மாதிரி வந்து மெஷின்ல உக்காந்தாங்க. ஒவ்வொருத்தி மூஞ்சியிலயும் அப்படி ஒரு சந்தோஷம். அப்படியே போடு தம்பின்னுட்டேன்.

லிங்க் போச்சு. பையர் பார்த்துட்டு ஒரே ஒரு கேள்வி அனுப்பினார்: இதுவரைக்கும் எந்தெந்தக் கம்பெனிக்குத் தைச்சிருக்கீங்க?

"காதும் காதும் வெச்ச மாதிரி சொல்லிடு. யாருக்குத் தெரியப் போவுது?"ன்னார் வீட்டுக்காரர். எனக்கும் நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. அந்தப் பேருங்களைச் சொன்னா அவர் வாயைப் பொளப்பார். ஆனா கையெழுத்துப் போட்டது நானாச்சே. பதில் எழுதினேன்: "சொல்லக்கூடாதுன்னு வாக்குக் குடுத்திருக்கோம். நீங்க வேலை குடுத்தா உங்களைப் பத்தியும் யார்கிட்டயும் சொல்லமாட்டோம்."

"போச்சு! அரிச்சந்திரனுக்குத் தங்கச்சி"ன்னு தலையில அடிச்சுக்கிட்டார். தைக்கிறவங்க தினமும், "இன்னாக்கா, மெயில் வந்துச்சா?"ன்னு கேக்கக் கேக்க, நாமதான் இவங்க சோத்துல மண்ணை அள்ளிப் போட்டுட்டமோன்னு மணிக்கொரு தடவை மெயிலைத் தொறந்து தொறந்து பார்த்தேன்.

அப்புறம் வந்துச்சு பதில். "சாம்பிள் அனுப்புங்க. நாங்க கேட்ட மத்த யூனிட்காரங்க எல்லாரும் கம்பெனி பேரைச் சொல்லிட்டாங்க."

மெஷினுங்களுக்கு நடுவுல நின்னு சத்தமா படிச்சுக் காட்டினேன். பாதியிலயே அழுகை வந்துடுச்சு. எங்க வீட்டுக்காரர் என்னடான்னா, "நான்தான் சொல்லவே கூடாதுன்னு கண்டிப்பா இருந்தேன்"னு அவங்ககிட்ட அளந்துக்கிட்டிருந்தார்.