ஜெயித்தவருக்குத் தனம் அக்கா எடுத்த ஆரத்தி

சிதம்பரம் கீழவீதியில் பூ வாங்கிக்கொண்டு நின்றபோதுதான் ஷகிலாவின் போன் வந்தது. கடலூரில் நாங்கள் குடியிருந்த தெருவில் எங்கள் எதிர்வீட்டுக்காரி. "தனம் அக்கா காலையில போய்ட்டாங்கக்கா," என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள், "கவுன்சிலர்தான் முன்ன நின்னு எல்லாத்தையும் பாக்கறாரு. நீங்க பதறாம வாங்க," என்றும் சொல்லிவிட்டாள். முதல் செய்தி நெஞ்சில் இறங்குவதற்குள் இரண்டாவது செய்தி என்னைக் குழப்பிவிட்டது. எந்தக் கவுன்சிலர்? அக்கா பாடாய்ப் படுத்திவைத்த அதே மனிதரா? பஸ் கடலூர் போய்ச் சேரும்வரை இதே யோசனைதான். அழுகைகூட வரவில்லை.

மஞ்சக்குப்பம் அரசு அலுவலகத்தில் அக்காவோடு வேலை பார்த்தவர்களுக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்லிவிட முடியாது. ஒரே பிரிவில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். வீடும் ஒரே தெரு. அக்காவின் கணவர் சின்ன வயதிலேயே தவறிவிட்டார், பிள்ளைகள் இல்லை. பெரிய அதிகாரி யாராவது "பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தால், "எப்ப பாக்கலாம்னு சொல்லிட்டுப் போங்க சார்" என்று பின்னாலேயே போகும் ஆள். கேட்டதும் சிரிப்பார், சிரித்த முகத்தோடு அங்கேயே நிற்பார். அந்தச் சிரிப்புக்குத்தான் எல்லாரும் பயந்தார்கள்.

மாநகராட்சித் தேர்தல் வந்தது. எங்கள் தெரு பள்ளம். ஐப்பசி மழைக்கு வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிடும். ஷகிலாவின் மாமியார் படுத்த படுக்கை. மழை பிடித்தால் அந்தக் கட்டிலைச் செங்கல் வைத்து உயர்த்துவதுதான் அவளுக்கு முதல் வேலை. ஓட்டுக் கேட்டு வந்த வேட்பாளர் தெரு நடுவில் நின்று, "அடுத்த மழைக்கு முன்னாடி இங்க வடிகால் வரும், இது என் வாக்கு," என்றார். பெண்கள் ஆரத்தித் தட்டோடு வரிசையில் நின்றோம். அக்காவும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு வந்தார். கட்சிக்காரர் ஒருவர் என் காதோரம், "அவுங்க வேணாமே, வீட்டுக்காரர் இல்லாதவங்க," என்றார். அது அக்காவின் காதிலும் விழுந்துவிட்டது. "ஓட்டு மட்டும் எங்கிட்ட வாங்கிப்பீங்க, ஆரத்தி வாங்க மாட்டீங்களா?" என்றார். வேட்பாளர் சட்டென்று முன்னால் வந்து அக்காவுக்கு எதிரில் நின்று, தலையைக் குனிந்தார். அந்த நிமிடம் அவர்மேல் எனக்கே ஒரு மரியாதை வந்தது.

ஜெயித்தார். மழையும் வந்தது. வடிகால் வரவில்லை, அவரும் வரவில்லை.

மனு எழுதலாம், மறியல் பண்ணலாம் என்று ஆளுக்கொன்று சொன்னோம். அக்கா மஞ்சளையும் சுண்ணாம்பையும் கரைத்துக்கொண்டிருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை காலை, தெருப் பெண்கள் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு கவுன்சிலர் வீட்டு வாசலில் போய் நின்றோம். "ஜெயிச்சவருக்கு ஆரத்தி எடுக்கணும்ல, அதான் வந்தோம்," என்றார் அக்கா. ஆரத்தி எடுக்க வந்த பெண்களை விரட்ட யாரால் முடியும்? கவுன்சிலர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். பழக்கதோஷத்தில் தட்டில் ஒரு நோட்டையும் போட்டார். அக்கா அதை எடுத்து அவர் சட்டைப் பையிலேயே வைத்துவிட்டு, சிவந்த தண்ணீரைக் கையில் ஏந்திக்கொண்டு கேட்டார்: "இதை எங்க ஊத்தறது தம்பி? எங்க தெருவுல ஊத்துனா போவாது, அங்கயே நிக்கும். நீங்களே ஒரு எடம் காட்டுங்க."

பக்கத்து வீட்டு மாடியிலிருந்து யாரோ சிரித்தார்கள். எனக்கும் அடக்க முடியவில்லை. அதன்பிறகு மாதம் தவறாமல் போனோம். அவர் பின்வாசல் வழியாகக் கிளம்பிய நாட்களும் உண்டு. அன்றைக்கு அவர் வீட்டு கேட்டுக்கு ஆரத்தி எடுத்துவிட்டு வந்தோம்.

அப்புறம் ஒருநாள் அவர் பைக்கிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டார். அவருடைய அம்மா அக்கா வீட்டுக்கே வந்துவிட்டார். "எம்புள்ளைக்கு இனிமே ஆரத்தி எடுக்காதம்மா, ஒன் கையால வேணாம்," என்று அழுதார். நானாக இருந்தால் வாசலோடு திருப்பி அனுப்பியிருப்பேன். அக்கா அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். மறுநாள் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்க் கவுன்சிலரைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை ஆரத்தி அதோடு நின்றுபோனது. அந்த அம்மாவுக்காக நிறுத்தினாரா, அந்தச் சொல் மனதைச் சுட்டதால் நிறுத்தினாரா, ஒருவேளை தன் கைமேலேயே அவருக்கு ஒரு பயம் வந்துவிட்டதா? கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கால் சரியானதும் கவுன்சிலர் அக்கா வீட்டுக்கு வர ஆரம்பித்தார். காபி குடிப்பார், அரட்டை அடிப்பார், போவார். அதற்குள் நான் மகளோடு சிதம்பரம் வந்துவிட்டிருந்தேன். தெருக்காரர்கள் போனில் ஒரு மாதிரியாகப் பேசினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏன்க்கா, அந்தாளு கூட ஒங்களுக்கு என்னா பேச்சு? கேக்கறத விட்டுட்டீங்களா?" என்று போனிலேயே சண்டை போட்டேன். "விடுவனா? கேட்டுக்கிட்டுதான்டி இருக்கேன். காபி குடுத்துட்டுக் கேக்கறேன். குடுக்காம கேட்டா நம்மள எதிர்க்கட்சின்னு நெனைச்சுப்பான்," என்று சிரித்தார். நான் நம்பவில்லை. வாக்கு கொடுத்தவருக்குக் காபியும், ஓட்டுப் போட்டவளுக்குத் தண்ணீரில் மிதக்கும் கட்டிலுமா? இது என்ன கணக்கு?

இறந்த அன்றும் தெருவில் முழங்கால் தண்ணீர். வண்டி உள்ளே வர முடியவில்லை. ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து வந்த தம்பி மகன்தான் கொள்ளிச்சட்டி ஏந்தினான். பாடையின் முன்பக்கத்தைத் தோளில் தாங்கியவர் கவுன்சிலர். எந்தத் தண்ணீரை வடிய வைக்கிறேன் என்று சொன்னாரோ, அந்தத் தண்ணீருக்குள்ளேயே வேட்டி நனைய, அக்காவின் உடல் சாயாமல் தூக்கிக்கொண்டு போனார். அழுதுகொண்டேதான் போனார். "பெத்த புள்ளை மாதிரி செய்யறாரு பாரு," என்றார்கள் பக்கத்தில் நின்றவர்கள். கையெடுத்துக் கும்பிடுவதா, கத்துவதா என்று எனக்குத் தெரியவில்லை. சிதம்பரம் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

காரியத்தன்று திரும்பப் போனேன். தண்ணீர் தானாக வற்றி, சேறு காய்ந்திருந்தது. பந்தலில் கவுன்சிலர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "காபி டம்ளரைக் கீழ வெக்கறதுக்குள்ள வடிகால் என்னா ஆச்சுன்னு கேட்டுடுவாங்கக்கா. ஒரு நாள்கூட விட்டதில்ல," என்றார். பிறகு அவராகவே சொன்னார்: தெருவில் வடிகால் கட்டலாம், ஆனால் தண்ணீர் போய் விழவேண்டிய பெரிய வாய்க்கால் வேறு துறையின் கையில் இருக்கிறது. அவர்கள் வழி விடாமல் இங்கே எதைக் கட்டியும் பிரயோஜனமில்லை. அக்காவுக்கும் அது தெரியும் என்றார்; தெரிந்தும் கேட்பதை விடவில்லையாம்.

"இது ஓட்டுக் கேக்கும்போது தெரியாதா?" என்றேன்.

"ஜெயிச்சு உள்ள போனப்புறம்தான் தெரிஞ்சுதுக்கா. சத்தியமா."

பாதி நம்பினேன். மீதிப் பாதியை என்ன செய்வதென்று தெரியவில்லை. என் வாயில் தானாக வந்தது: "அப்ப இதையும் வீடு வீடா வந்து சொல்லுங்க. ஓட்டுக் கேட்டு அப்பிடித்தான வந்தீங்க?"

"திட்டுவாங்களேக்கா."

"திட்டட்டும். திட்டிட்டு ஒங்க கூட அந்த ஆபீசுக்கு வருவாங்க."

"நீங்களும் கூட வர்றீங்களா?" என்றார்.

அக்காவிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது இதுதான் என்று நினைக்கிறேன்: ஒருவரை எதிரியாக்கிவிட்டு ஒதுங்கிப் போகாமல், நண்பராக்கிக்கொண்டு சும்மாவும் இருந்துவிடாமல், பக்கத்திலேயே நின்று கேட்பது. இது சரிதானா என்று எனக்கு இன்னும் தெளிவில்லை. அக்காவுக்கு இருந்த சிரிப்பும் எனக்கு வராது. ஆனாலும் எழுந்து அவரோடு போனேன்.

முதல் வீடு ஷகிலாவுடையது. கவுன்சிலர் வாசலில் நின்று ஒன்றுவிடாமல் சொன்னார். அவள் மாமியார் படும் பாட்டைச் சொல்லிச் சொல்லி மூச்சு வாங்கும்வரை அவரைத் திட்டினாள். அவர் குனிந்த தலை நிமிரவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க எதுக்குக்கா இந்தாளு கூட வர்றீங்க?" என்றாள். அவரை அடுத்த வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.