தாரை வார்க்க எழுந்தபோது

மகளின் கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது பிரிக்பீல்ட்ஸ் புடவைக் கடை ஒன்றில் மயங்கி விழுந்தேன். பாயில் உட்கார்ந்து வெகுநேரம் கூரைப்புடவை பார்த்துவிட்டுச் சட்டென்று எழுந்தேன். கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது.

“பிரஷர் ஏறிடுச்சு லா,” என்றாள் அக்கா.

எங்கள் குடும்பத்தில் யாருக்குத் தலை சுற்றினாலும் பிரஷர் ஏறிவிட்டது என்றுதான் முடிவு. தைலம் மாதிரி மாத்திரையும் கைமாறும். நான் ஏற்கெனவே சாப்பிட்டுவந்த பிரஷர் மாத்திரையோடு அக்காவுடையதும் அன்றிலிருந்து சேர்ந்துகொண்டது. மயக்கம் அதிகமானதுதான் மிச்சம்.

“தாரை வார்க்க நானும் உங்க அத்தானும் நிக்கிறோம். நீ நாற்காலியில உக்காந்து பாரு,” என்றாள் அக்கா ஒரு வாரம் கழித்து.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்றவள் நான் இருக்க, இன்னொருத்தி தண்ணீர் ஊற்றுவதா?

மறுநாளே கிள்ளானில் டாக்டரைப் பார்க்கப் போனேன். உட்காரவைத்து அளந்தார், நிற்கவைத்தும் அளந்தார். நின்றதும் பிரஷர் மளமளவென்று இறங்கியிருந்தது.

“ஆன்டி, அடுத்தவங்க மருந்தை ஏன் சாப்பிட்டீங்க?” என்று கடிந்துகொண்டார். பிறகு பொறுமையாகச் சொன்னார். எழுந்ததும் ரத்தம் காலுக்கு இறங்குகிறது. கழுத்து ரத்தக்குழாயில் இருக்கும் நரம்புகள் அதை உணர்ந்து மூளைக்குச் சொல்ல, இதயம் வேகமாக அடிக்கிறது, குழாய்கள் இறுகுகின்றன. நாம் அறியாமலே எல்லாம் நடந்துவிடுகிறது. எனக்கு வயதும் இரண்டு மாத்திரைகளும் சேர்ந்து அந்த வேலையைத் தாமதமாக்கிவிட்டன.

அக்காவின் மாத்திரையை அன்றே நிறுத்தினேன். என் மருந்தையும் டாக்டர் குறைத்தார். அவர் சொல்லிக்கொடுத்தபடி தினமும் தரையில் உட்கார்ந்து, காலில் தேங்கிய ரத்தம் மேலேறக் கெண்டைக்காலை இறுக்கித் தளர்த்தி, மெதுவாக எழுந்து பழகினேன். என் கணவர் சிரித்தார். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கல்யாணத்தன்று மணவறையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். “எழுந்திரிங்கம்மா, நேரமாச்சு,” என்று ஐயர் அவசரப்படுத்தினார். நான் எழவில்லை. காலை இறுக்கினேன், தளர்த்தினேன். கூட்டம் சலசலத்தது. அக்கா சொம்பைக் கையில் எடுத்தாள்.

“பெரியம்மா, வைங்க,” என்றாள் என் மகள். “அம்மா எழுந்து வரட்டும். நான் காத்திருக்கேன்.”

முழங்காலிட்டேன். மூச்சு விட்டேன். எழுந்தேன். ஒரு கணம் எல்லாம் மங்கியது; நெஞ்சு படபடவென்று அடித்தது. அடிக்கட்டும், அது அதன் வேலையைச் செய்கிறது என்று நின்றேன். பார்வை தெளிந்தது. சொம்பை எடுத்து, மகளின் கைமேல் தண்ணீரை நானே ஊற்றினேன்.