விற்ற படத்தைப் பார்க்கப் போனது

போர் முடிந்து இரண்டு வருஷத்தில் என் தோழி மன்னாருக்குத் திரும்பிப் போய்விட்டாள். சின்னப் பிள்ளையாக, ஊரிலிருந்த மற்ற முஸ்லிம்களைப் போலவே குடும்பத்தோடு அங்கிருந்து விரட்டப்பட்டுப் புத்தளத்துக்கு வந்தவள். எங்கள் வளவுக்குப் பின்னால் இருந்த முகாமில், தென்னங்கிடுகு வேய்ந்த வீட்டில் வளர்ந்து, கலியாணம் முடித்து, இரண்டு பிள்ளைகளும் பெற்றாள். இருபது வருஷம் நாள் தவறாமல் கண்ட முகம். அவர்களுடைய சாமான் லொறி போன பிறகு, அவள் மாலையில் வாசற்படியில் குந்தியிருப்பதை நினைவிலிருந்து வரைந்தேன். முகம் வரைய வரவில்லை. முதுகும், காற்றில் எழும்பிய நீல முக்காடும் மட்டும்.

நான் பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பிக்கிறவள். அந்த வருஷம்தான் முதல் தடவையாகக் கொழும்பில் ஓவியக் காட்சி வைக்கும் ஒரு கலரிக்கு என் படங்களைக் கொண்டுபோனேன். அதை நடத்திய அம்மா ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். தோழியின் படம் வந்ததும் என் முகத்தைப் பார்த்தார்.

"இத விக்கத்தான் வேணுமா மிஸ்? விருப்பமில்லாட்டி சும்மா காட்சிக்கு மட்டும் வைப்பம்."

வேண்டாம் என்றால் மற்றப் படங்களையும் திருப்பித் தந்துவிடுவாரோ என்று பயந்தேன்.

"இல்ல, எல்லாம் விக்கத்தான்" என்றேன்.

காட்சி திறந்த அன்றே அது போய்விட்டது. எல்லாரும் கைகொடுத்தார்கள். எனக்கும் சந்தோஷம்தான். திரும்பி வரும்போது, பஸ் சிலாபம் தாண்டிய பிறகுதான் நெஞ்சு வெறிச்சென்று ஆனது.

ஒரு வருஷம் பொறுத்தேன். மன்னாரிலிருந்து வரும் அழைப்புகளும் குறைந்தன. காணி துப்புரவாக்குவதும் கிணறு இறைப்பதுமாக அவளுக்கு நேரமில்லை. அந்தப் படத்தையாவது ஒருமுறை பார்க்கவேண்டும் என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது. இன்னொன்று வரைந்து பார்த்தேன். அது அவளில்லை.

கடைசியில் கலரி அம்மாவுக்கு அழைத்துச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை.

"வாங்கினவரக் கேக்காம விலாசம் தர ஏலாது. நான் அவரோட கதைக்கிறன். ஒண்டு மட்டும் மிஸ், அங்க வச்சு அதத் திருப்பிக் கேக்காதீங்க. கேக்கிறதெண்டா எனக்குச் சொல்லுங்க, நான் கேக்கிறன்."

இரண்டு கிழமையில் அவரே என்னைக் கூட்டிப்போனார். தனியாக வாழும் ஓய்வுபெற்ற டொக்டர் ஒருவரின் வீடு. படம் சாப்பாட்டு மேசைக்கு எதிரே தொங்கியது. படியின் ஓரத்தில் பிள்ளையின் ஒற்றைச் செருப்பை வரைந்திருந்தேன். அதை நானே மறந்துபோயிருந்தேன்.

"இவ யாரப் பாத்துக்கொண்டிருக்கிறா?" என்று டொக்டர் கேட்டார்.

"அவட மாப்பிள்ள களப்பில மீன் புடிச்சிட்டு வீட்ட வாற நேரம் அது."

"அப்பிடியா" என்று படத்தைப் பார்த்தார். "என்ட மனிசி காலமானதுக்குப் பிறகு, நான் ஒவ்வொரு நாளும் இவவோடதான் சாப்பிடுறன்."

படத்தைத் திருப்பிக் கேட்க வாயெடுத்தேன். கலரி அம்மா என்னைப் பார்த்தபடி இருந்தார். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பினேன்.

வாகனத்தில் அவரிடம் உண்மையைச் சொன்னேன். "அண்டைக்குப் பயத்திலதான் எல்லாம் விக்கத்தான் எண்டு சொன்னன்."

"அத அப்பவே சொல்லியிருந்தாலும் மத்ததுகள எடுத்துத்தான் இருப்பன்" என்றார். "நானும் கொஞ்சம் பொறுத்துக் கேட்டிருக்கலாம்."

அதற்குப் பிறகு நாங்கள் ஒளித்துக் கதைத்ததில்லை. ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால், பிரிய முடியாத படங்கள் எவை என்று அவர் கேட்பார். நான் யோசித்துச் சொல்லும் வரை காத்திருப்பார். இன்றும் என் படங்கள் அவரிடம்தான் போகின்றன.

டொக்டர் வீட்டுக்குப் போய்வந்த அன்றிரவே மன்னாருக்கு அழைத்து நடந்ததைச் சொன்னேன்.

"என்னையே வித்துட்டியாடி?" என்று தோழி சிரித்தாள். பிறகு கேட்டாள், "அந்த மனுசன் நல்லவரா?"

"ஓம். உன்னப் பாத்துக்கொண்டுதான் சாப்பிடுறாராம்."

"அப்ப அங்கயே இருக்கட்டும். நீ எப்ப இஞ்ச வாறாய்?"

"பள்ளிக்கூட லீவுக்கு" என்றேன்.

போன லீவுக்கும் அப்படித்தான் சொல்லியிருந்தேன்.