காணாமல் போன தெர்மாமீட்டர்

1. கரி அடுப்பு

பட்டுத் துறையில் ஃபீல்டு ஆளாக நான் சேர்ந்த முதல் நாள், பலமனேர் ஆபீசில் ஒரு ரிஜிஸ்டரும், ஒரு சைக்கிள் சாவியும், மரப்பலகையில் பொருத்திய ஒரு தெர்மாமீட்டரும் கொடுத்தார்கள். "சைக்கிள் தொலைஞ்சாகூட பரவால்ல, இது தொலையக் கூடாது" என்றார் சீனியர். அந்த ஆபீசில் அப்போது ஃபேன் கிடையாது. யாரும் கேட்டதும் இல்லை.

பட்டுப்புழுவுக்கு இருபத்தைந்திலிருந்து இருபத்தெட்டு டிகிரி வேண்டும். ஒரு டிகிரி கூடினாலும் குறைந்தாலும் கோபித்துக்கொண்ட மாப்பிள்ளை மாதிரி சாப்பிடாமல் படுத்துக்கொள்ளும். அந்தக் காலத்தில் எங்களுக்குக் குளிர்தான் தலைவலி. மார்கழியில் புழு வளர்க்கிற ஷெட்டுக்குள் கரி அடுப்பு வைத்து, புகை வராமல் விசிறி விசிறியே என் தோள்பட்டை போயிற்று.

இப்போது கரி அடுப்பை யாரும் தேடுவதில்லை. மாசியிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. கூடு கட்டுகிற நாளாகப் பார்த்து, சொல்லாமல் கொள்ளாமல் மழையும் வருகிறது. கூலர் வாங்கு, ஈரச் சாக்கு கட்டு, கூரை மேல் தென்னங்கீற்று போடு என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போனேன். சொன்னபடி எல்லாரும் செய்தார்கள். தங்கள் வீட்டில் ஒரு டேபிள் ஃபேன்கூட இல்லாதவர்கள் புழுவுக்குக் கூலர் வாங்கினார்கள். அதைப் பார்த்து நான் பெருமைப்பட்டேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

2. பவுடர் வாசனை

குடுபல்லி பக்கத்துக் கிராமத்தில் கங்கம்மா என்று ஒருவர். பாதி வாழ்க்கை ஊரார் தோட்டத்தில் கூலிக்கு மல்பெரி இலை பறித்தவர். பிறகு அவரும் கணவர் மணியும் சொந்தமாக ஒரு ஏக்கர் தோட்டமும் ஒரு ஷெட்டும் போட்டார்கள். அது அவர்களுடைய முதல் பேட்ச். புழுக்கள் கடைசிப் பருவத்தில் இருந்தன. இன்னும் ஒரு வாரம் தாக்குப்பிடித்தால் கூடு. தவறினால் மொத்தமும் குப்பைக் குழி.

அதனால் என் சட்டங்களை அவர்களிடம் பத்து முறையாவது ஒப்பித்திருப்பேன். மருந்துத் தண்ணீரில் காலை நனைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தலைக்கு எண்ணெய், முகத்துக்குப் பவுடர், பீடி, கொசுவர்த்தி எதுவும் ஆகாது. வெளியாள் வரக் கூடாது.

சித்திரை மாதத்தில் ஒரு மத்தியானம் போனேன். நேராக ஷெட்டுக்குள் நுழைந்து சுவரைப் பார்த்தால், ஆணி மட்டும் இருந்தது. தெர்மாமீட்டரைக் காணோம். போதாக்குறைக்குப் பவுடர் வாசனை வேறு. ஏதோ துப்பறிகிறவன் மாதிரி மூக்கை நீட்டிக்கொண்டு தட்டு தட்டாக மோந்துகொண்டே போனேன். கடைசி வரிசைக்கும் கூலருக்கும் நடுவே ஒரு புடவைத் தூளி தொங்கியது. உள்ளே ஒரு குழந்தை வாயைத் திறந்துகொண்டு சுகமாகத் தூங்கியது.

"கங்கம்மா! இது பூச்சி ஊடா, பால்வாடியா?" என்று கத்தினேன்.

கங்கம்மா ஓடி வந்து, "கத்தாத சாரு. கொயந்த இப்பதான் தூங்குது" என்றார். "எம்பொண்ணு சுதாவோட கொயந்த. பொறந்து ரெண்டு மாசம்."

"பவுடர் வாசனைக்குப் பூச்சி துன்னாம பூடும்னு சொன்னனா இல்லியா?"

"சொன்ன. அது துன்னுக்கினுதான் கீது, பாரு."

பார்த்தேன். துன்னுக்கினுதான் இருந்தன. எனக்குக் கோபம் இன்னும் ஏறியது.

"சரி, தெர்மாமீட்டர் எங்க?"

கங்கம்மா என்னை வீட்டுக்கு அழைத்துப் போனார். ஒரே அறை, மேலே சிமெண்ட் ஷீட். சுதா ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். காலண்டருக்குப் பக்கத்து ஆணியில் என் தெர்மாமீட்டர். நாற்பத்தொன்று காட்டியது. ரிப்பேர் என்று நினைத்துத் தட்டிப் பார்த்தேன். பாதரசம் அசையவில்லை, என் மூக்கிலிருந்து வேர்வைதான் சொட்டியது.

"இருபத்தெட்டு தாண்டினா பூச்சி சாவும்னு பத்து வாட்டி சொன்ன சாரு" என்றார் கங்கம்மா. "மனுசனுக்கு எவ்ளோன்னு ஒரு வாட்டியும் சொல்லலியே. அதான் நானே எடுத்தாந்து மாட்டிப் பாத்தேன். கொயந்தைக்கு ஒடம்பெல்லாம் வேர்க்குரு. ரெண்டு நாளா பால் குடிக்கல. ஷெட்ல போட்டப்புறம்தான் குடிச்சிது."

"ஆஸ்பத்திரில காட்னீங்களா?"

"காட்னோம். குளிர்ச்சியான எடத்துல வெச்சிக்கோன்னாங்க. அது எங்க கீதுன்னு சொல்லல."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வாரம் தவறாமல் அந்த வாசலுக்கு வந்திருக்கிறேன். ஒரு நாளும் வீட்டுப் படி ஏறியதில்லை, நேரே புழுவிடம்தான் போவேன்.

ஆனாலும் ஷெட்டில் சுண்ணாம்பும் ப்ளீச்சிங் பவுடரும் தூவுகிறோம். பச்சைக் குழந்தைக்கு அது ஆகாது. ஷெட்டை ஒட்டி இலை வைக்கிற சின்ன அறை ஒன்று இருந்தது. மணியும் நானும் இலைக் கட்டுகளை ஷெட்டின் ஒரு மூலைக்கு மாற்றி, ஈரச் சாக்கு போட்டு மூடினோம். பிறகு இலை அறையைக் கழுவி, கூலரை அதன் ஜன்னல் பக்கம் கொஞ்சம் திருப்பினோம். தூளி அங்கே ஏறியது, தெர்மாமீட்டர் ஷெட் ஆணிக்குத் திரும்பியது.

"பவுடர் மட்டும் வேணாம்மா" என்றேன் சுதாவிடம், இந்த முறை மெதுவாக.

"சரி சார். பூச்சி அதோட கூலர்ல பங்கு குடுக்குது, நாங்க பவுடரை உட மாட்டமா?" என்றாள்.

3. மோர்

அன்று ரிஜிஸ்டரில், ஷெட் இருபத்தேழு என்று எழுதி, அதன் கீழே புதிதாக ஒரு வரி சேர்த்தேன்: வீடு நாற்பத்தொன்று. இரண்டாம் நாள் அந்தக் கணக்கைப் பார்த்துவிட்டுச் சித்தூரிலிருந்து பெரிய ஆபீசர் போன் போட்டார். "இதேந்தய்யா, இண்டி டெம்பரேச்சர் எந்துக்கு ராசினாவு?" வீட்டு வெப்பத்தை எதற்கு எழுதினாய் என்று கேட்கிறார். நேரில் வந்து பாருங்கள் சார் என்றேன். ஏ.சி. காரில் வந்தார்.

"வெயில்ல வந்துகீறீங்க, ஊட்ல ஒக்காருங்க சார், மோர் கொண்டாறேன்" என்றார் கங்கம்மா. மோர் வரவே இல்லை. கங்கம்மா கொல்லையில் நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். பத்தாவது நிமிடம் சட்டை நனைந்து ஆபீசர் வெளியே வந்தார். இலை அறையில் தூளிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டோம், மோரும் அங்கேதான் வந்தது. மோர் குடித்த பிறகும் ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. போகும்போது, "ஆ லைன் உண்டனீ" என்றார். அந்த வரி இருக்கட்டும்.

கூடு நன்றாகவே வந்தது. குழந்தையும் இலை அறையிலேயே கோடையைத் தாண்டியது.

புதிதாக வேலைக்குச் சேருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். முதலில் வீட்டுக்குள் போய்ப் பத்து நிமிடம் உட்காருங்கள், அப்புறம் ஷெட்டுக்குப் போங்கள். ரிடையர் ஆகும்வரை என் பையில் இரண்டு தெர்மாமீட்டர் இருந்தன, ஷெட்டுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று. கங்கம்மா இன்றைக்கும் கோடை வந்தால் போன் செய்து, "மனுசனுக்கு எவ்ளோன்னு தெரிஞ்சிதா சாரு?" என்று கேட்டுச் சிரிப்பார். நானும் சிரிப்பேன். அவர் கேள்விக்காகவே என் வீட்டுச் சுவரில் மாட்டிய தெர்மாமீட்டரைப் பார்த்து, இன்று எவ்வளவு என்று மட்டும் சொல்வேன்.