லாசரஸ் தையலகம்

ஊன்றுகோலின் நுனியில் ஈரத்துணியைச் சுற்றி, கடை முகப்பில் இருக்கும் பலகையைத் துடைத்துக்கொண்டிருக்கிறார் லாசரஸ். மறு கை தூணைப் பிடித்திருக்கிறது. பலகையில் 'லாசரஸ் தையலகம்' என்று தமிழிலும், அதன் கீழே ஆங்கிலத்திலும் எழுதியிருக்கிறது. ஈசூன் வட்டாரத்தில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்துக்கு இந்தக் கடை வந்து ஒரு மழைக்காலம்கூட ஆகவில்லை. பலகையில் தூசி படிய நேரமில்லை. ஆனாலும் தினமும் துடைக்கிறார், முதல் எழுத்திலிருந்து தொடங்கி, அவசரமில்லாமல்.

இளம்பிள்ளைவாதத்தில் சூம்பிப்போன இடது கால். வலது காலால் மட்டும் தையல் இயந்திரத்தை மிதிக்கிறார். மோட்டார் மாட்டிக்கொள்ளச் சொன்னால், "மெஷினுக்கு ஒரு கால் போதும்லா. ரெண்டும் இருந்தா ஒண்ணு சும்மாத்தான் இருக்கும்" என்பார். சொன்ன நாளில் துணி தந்ததில்லை. கேட்டால், வாயில் கவ்விய குண்டூசிகளோடு சிரிப்பார். "வேதத்துல, கல்லறையில நாலு நாள் கெடந்து எழும்பினவரோட பேரு எனக்கு. சட்டையும் நாலு நாள் கழிச்சுத்தான் எழும்பும்."

தேக்கா கடைத்தெருவில் ஒரு கடைவீட்டின் நடைபாதையில் தைத்துக்கொண்டிருந்த காலத்தில் அவருக்குப் பலகை கிடையாது. 'நொண்டி டெய்லர்' என்றால் யாரும் வழி காட்டிவிடுவார்கள். வைவதாக நினைத்து எவரும் சொன்னதில்லை. பூக்கடை, மாவு மில் என்பதைப்போல அதுவும் ஓர் அடையாளம். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் வேறு சொல்.

"உள்ள, முடவர் நடக்கிறார்கள்னு வாசிப்பாங்க. எல்லாரும் திரும்பி என்னைப் பாப்பாங்க. வெளிய வந்தா நொண்டி. ஒண்ணு எழுத்துத் தமிழ், ஒண்ணு பேச்சுத் தமிழ். அவ்வளவுதான்லா."

தேக்காவின் அந்தக் கடைவீட்டு வரிசையை இடித்தபோது இங்கே வந்தார். பலகை எழுத வந்த மாணிக்கம், "கீழ 'ஊனமுற்றவர் நடத்தும் கடை'ன்னு சின்னதாப் போட்டுடவாண்ணே? நாலு பேரு எரக்கப்பட்டு வருவாங்க" என்றாராம்.

"ஊனமாய்யா தைக்குது? நான் தைக்கிறேன். என் பேரைப் போடு."

பக்கத்து மளிகைக் கடை கதீஜாவிடம் முதல் நாளே சொல்லிவிட்டார்: "பேர் சொல்லிக் கூப்பிடணும் தங்கச்சி. வேற ஒண்ணும் வேணாம்." கதீஜா அதைத் தன் பொறுப்பாகவே எடுத்துக்கொண்டார். தாழ்வாரத்தில் விளையாடும் பிள்ளைகள் வாய்தவறி 'நொண்டி' என்றாலும் விரட்டுவார்.

தீபாவளி நெருங்குகிறது. தேக்காவில் என்றால் இந்நேரம் துணிப்பொதிகள் கூரையைத் தொட்டிருக்கும். இங்கே அலமாரியில் பாதி காலி. புளோக்கில் இருப்பவர்கள் தைத்த துணியாகவே வாங்கிவிடுகிறார்கள். "பழைய ஆளுங்க வந்தாத்தான் இந்தக் கடை நிக்கும்" என்று வழியைப் பார்த்தபடியே பொத்தான் தைப்பார். அவர்கள் விசாரித்தால் அனுப்பிவைக்கும்படி, தேக்காப் பூக்கடையில் புளோக் எண்ணைச் சொல்லிவைத்திருக்கிறார்.

நேற்று நான் பாவாடை ஓரம் மடித்துத் தைக்கக் கொடுத்துக்கொண்டிருந்தபோது கதீஜா வந்தார்.

"அண்ணே, சங்கதி கேட்டீங்களா? இப்பத்தான் ஒரு அம்மா பெரிய பையோட வந்து, நொண்டி டெய்லர் கடை எங்கன்னாங்க. இங்க அப்படி யாருமே இல்லன்னு அனுப்பிச்சிட்டேன். போன வாரமும் ரெண்டு பேரு. வாயைப் பாருங்களேன்!"

இயந்திரம் நின்றது.

"போன வாரமுமா?"

"ஆமாண்ணே. மரியாதை தெரியாத ஜனம்."

"இந்த அம்மா… பச்சைக்கல் மூக்குத்தியா?"

"பச்சைதான்."

"செல்லக்கண்ணு. தஞ்சோங் பகார்லேர்ந்து பஸ் மாறி மாறி வந்திருப்பாங்க. மக கல்யாணத்துக்குப் பிளவுஸ்." குண்டூசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்துப் பஞ்சுப்பொதியில் குத்தினார். "அவங்க பேரு எனக்குத் தெரியுது. என் பேரு அவங்களுக்குத் தெரியல. அவங்க கேக்கல. நானும் சொல்லல."

கதீஜாவின் முகம் வாடிவிட்டது. "நீங்கதானேண்ணே சொன்னீங்க…"

"நீ செஞ்சது சரிதாம்மா" என்று எழுந்தார்.

கார் நிறுத்துமிடத்துக்கு அப்பால், பேருந்து நிறுத்தத்தை நோக்கி அந்த அம்மா போய்க்கொண்டிருந்தார். கனமான பை தோளை ஒரு பக்கம் இழுத்தது. கதீஜா தாழ்வாரத்தின் விளிம்புவரை ஓடினார்.

"அம்மா! லாசரஸ் கடை இதுதாம்மா! லாசரஸ்!"

அந்த அம்மா திரும்பிப் பார்த்தார். தமக்கு வேண்டியது அந்தக் கடையல்ல என்பதுபோலக் கையசைத்துவிட்டு மேலே நடந்தார். கதீஜா இன்னொரு முறை வாயைத் திறந்தார். லாசரஸைப் பார்த்தார். அந்தச் சொல் வரவில்லை.

லாசரஸ் தம் பெயர்ப்பலகைக்குக் கீழே வந்து தூணில் முதுகைச் சாய்த்தார். ஒற்றைக் காலில் நின்று, அந்த அம்மாவின் கண்ணில் படட்டும் என்று ஊன்றுகோலைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார்.