மாரிக்குக் கழற்ற முடியாத நீர்ப்பாலம்

ஒக்லாந்தின் ஒனிஹங்காவில் நான் வேலை செய்யும் அலுவலகத்தில் காலைத் தேநீர் இடைவேளைக்கு ஸ்மோக்கோ என்று பெயர். அப்படியொரு ஸ்மோக்கோவில்தான் அந்த எண்ணம் வந்தது. மழைநீர்க் குழாய்களுக்கு வரைபடம் கீறும் எங்கள் அறையில் மூத்தவர் கிரஹாம், இங்கிலாந்துக்காரர். விடுமுறையில் ஊருக்குப் போய் எடுத்த படம் ஒன்றைக் காட்டினார். புல்வெளி நடுவே சின்ன ஓடை. ஓடைக்குள் இரண்டு குட்டைத் தூண்கள். அவற்றின்மேல் ஆள் உயரம்கூட இல்லாத ஒரு கற்பாலம். பாலத்தின்மேல் தெரு இல்லை, தண்ணீர். தண்ணீரில் நீளமான ஒரு படகு. ஓடையைத் தாண்டிக் கால்வாயே நடந்து போகிறது.

"இந்தத் தண்ணீர் எந்த வயலுக்குப் போகிறது?" என்று கேட்டேன்.

"வயலுக்கா? எங்கேயும் போகாது. படகு மிதக்கத்தான்."

நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். என் தலையோ அதற்குள் எங்கள் ஊர் கிளிநொச்சிக்குப் போய்விட்டது.

எங்கள் வாய்க்காலையும் ஓர் ஓடை குறுக்கே வெட்டுகிறது. கோடையில் செய்யும் சிறுபோகத்துக்குக் குளத்துத் தண்ணீர் அக்கரை வயல்களுக்குப் போக வேண்டும் என்றால், கோதிய பனங்குற்றிகளை, பீலி என்போம், ஓடைமேல் வரிசையாக வைக்க வேண்டும். மாரி தொடங்க முன்னம் ஊரே சேர்ந்து அவற்றைக் கழற்றிக் கரையில் ஏற்றிவிடும். அடுத்த வருடம் திரும்பவும் அதே பாடு. நானும் தோள் கொடுத்திருக்கிறேன். தோல் உரிந்ததுதான் நினைவிருக்கிறது. ஏன் கழற்றினோம் என்று யோசித்ததில்லை. உக்கிவிடும் என்பதற்காக என்றே நினைத்தேன். கொங்கிறீட் உக்காதே.

இரண்டு மாலைகளில் கீறி முடித்தேன். படத்தில் இருந்ததுபோலவே ஓடைக்குள் இரண்டு தூண்கள், மேலே தொட்டி. அப்பாவுக்கு அனுப்பிவிட்டுத் தொலைபேசி எடுத்தேன். வாய்க்கால் தண்ணீரைப் பங்கிடும் பொறுப்பு பல வருடமாக அவரிடம்தான்.

"மாரிக்கு நிண்டு பிடிக்குமோ தம்பி?"

"கொங்கிறீட் அப்பா. எத்தினை மாரி வந்தாலும் நிக்கும்."

"அது நிக்கும். ஓடை போகுமோ?"

"இங்கிலீஸ்காரர் எத்தினை தலைமுறையா வைச்சிருக்கினம். ஒண்டும் நடக்கேல்லை."

"அப்ப சரி. நீ படிச்சனி," என்றார்.

சிறுபோகம் முடிந்த கையோடு ஊர் கூடிக் கட்டியது. படம் அனுப்பினார்கள். அலுவலகம் முழுக்கக் காட்டினேன்.

பத்தொன்பது மாரி பார்த்தவன் நான். ஆனால் ஒக்லாந்தில் மழை ஐந்து நிமிடம் தூறும், வெயில் எறிக்கும், திரும்பத் தூறும். ஆறு வருடத்தில் மழை என்றால் இதுதான் என்று என் உடம்பு பழகிவிட்டது. எங்கள் ஓடை கார்த்திகையில் வடலியையும் முள்மரத்தையும் வேரோடு பிடுங்கிக்கொண்டு வரும் என்பது, கீறும்போது ஒரு தரமும் கைக்கு வரவில்லை.

போன கிழமை அவை வந்து தூண்களில் மாட்டின. பாலம் நின்றது. ஓடைதான் போகவில்லை. திரும்பிய வெள்ளம் பக்கத்துச் செல்வி அக்காவின் வயலை மணலால் மூடியது. ஒரு மாதப் பயிர். புருசன் இல்லாதவ, அந்த ஒரு துண்டுக் காணியை நம்பி மூன்று பிள்ளைகள்.

கிரஹாமிடம் சொன்னேன். "பரவாயில்லை, முயற்சி செய்து பார்த்தாயே," என்று முதுகில் தட்டினார். ஆறுதலாகத்தான் சொன்னார். யாராவது என்னை ஏசினால் நன்றாக இருக்கும் என்று எனக்கு இருந்தது.

ஏச வேண்டிய அப்பாவோ வேறு வேலை செய்திருக்கிறார். மதிய நேரம், அங்கே விடியற்காலை, அம்மா தொலைபேசி எடுத்தா.

"கொப்பர் விவசாயச் சங்கக் கூட்டத்திலை எழும்பிச் சொல்லிப்போட்டார். மகன் தூண் இல்லாமத்தான் கீறினவன், நான்தான் பயத்திலை ரெண்டைப் போட்டனான் எண்டு."

"ஏனம்மா?"

"பேந்தென்ன, உன்னையே காட்டிக் குடுப்பார்? ஞாயிற்றுக்கிழமை தண்ணிப் பொறுப்பை வேறை ஆளிட்டைக் குடுக்கப் போயினமாம். நீ ஒண்டும் கதைக்காதை. நீ அங்கை, நாங்கள்தானே அவையின்ரை முகத்திலை முழிக்கிறது."

அம்மா சொன்னதில் குத்தல் ஏதும் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. பிழை என்னுடையது, முகம் அப்பாவுடையது.

இப்போது காலையில் வீட்டைவிட்டு வெளிக்கிட முன்னம் தொலைபேசியில் கிளிநொச்சி வானிலையைப் பார்க்கிறேன். அங்கே மழை என்றால், இங்கே எறிக்கிற வெயிலுக்குள் குடையோடு போகிறேன்.

தை மாதம் முழுக்க விடுப்புக் கேட்டிருக்கிறேன், தூண்களை உடைக்க. ஆனால் ஞாயிறு அதற்கு முன்னம் வருகிறது. அன்றைய கூட்டத்தில் என்னைத் தொலைபேசியில் எடுத்து ஒலிபெருக்கியில் போடச் சொல்லிச் சங்கச் செயலாளருக்கு எழுதிவிட்டேன். நான் கீறிய மூல வரைபடத்தையும் அனுப்பினேன், தூண்களோடு. அப்பா கோபிப்பார். அதற்கு முன்னம், நாளைக்கே, செல்வி அக்காவுக்குத் தொலைபேசி எடுக்க வேண்டும். "அக்கா, அப்பா இல்லை, நான்தான்," என்று தொடங்குவேன். அதற்குப் பிறகு என்ன சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. எடுப்பேன்.